மின்னஞ்சலும் மாணவர் பொழுதும்

‘பொழுது போக்குதல்’ என்னுந் தொடர் நம் மொழியில் இருபொருள் பயப்பது. இன்பமுறக் கழித்தலும் அதுவே. வீணே இழத்தலும் அதுவே. முன்னை நாளில் இவ்விரண்டன் வேறுபாட்டை எவரும் எளிதில் உணர்ந்தனர். பந்தாடுங் களத்திற்குச் சென்றவர் தாம் ஆடச் சென்றதை அறிவர். நூலகத்திற் புகுந்தவர் தாம் படிக்கப் புகுந்ததை அறிவர். கைப்பேசியைக் கையில் எடுக்கும் மாணவரோ, எதன்பொருட்டு அதனை எடுத்தோம் என்பதை அரைமணி கழிந்தபின் நினைந்து பார்க்க வேண்டியவராகின்றார். பேராசிரியர் விடுத்த மின்னஞ்சலைக் காணும்பொருட்டு எடுத்த கைப்பேசி, வாட்ஸாப் குழுவிற் சிறிது தங்கி, இன்ஸ்டாகிராமில் நெடிது திரிந்து, யூடியூபிற் போய் நிற்கும். அம்மின்னஞ்சலோ திறக்கப்படாமலே கிடக்கும்.

இவற்றை அறவே விட்டொழிக்க என்று அறிவுரை கூறுவாரும் உளர். அவ்வறிவுரை நமக்குப் பயன்படாது. தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாளும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாளும், வகுப்பறை மாறிய செய்தியும் இன்று இவற்றின் வழியாகவே வருகின்றன. அன்றியும், 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழுந் தமிழன்பர்கள் இணையத்தின்வழிக் கூடி உழைத்தமையாலன்றோ, பழந்தமிழ் நூல்கள் பலவற்றை விலையின்றி நம் கையில் தந்துளது. ஆதலின் இவற்றை விடுதல் எவ்வாறு என்பது நம் வினாவன்று. ஆளுதல் எவ்வாறு என்பதே வினா.

திருவள்ளுவர் ‘மடியின்மை’ என்னும் அதிகாரத்தில், கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலமாகக் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், தூக்கம் என்னும் நான்கினை எடுத்துரைத்தார். நம் காலத்து நோயை இந்நான்கனுள் எதன்கண் அடக்குவது என்று எம் வகுப்பில் ஒருநாள் சொற்போர் நிகழ்ந்தது. மறதி என்றார் ஒருவர். காலந்தாழ்த்தல் என்றார் மற்றொருவர். எமக்குத் தோன்றுவது, அது மடியே. ஆயினும் முயற்சியின் வேடம் பூண்ட மடி. சும்மா கிடப்பவன் தான் சும்மா கிடப்பதை அறிவான். அஞ்சற்பெட்டியை ஒரு காலைப்பொழுதிற் பத்துமுறை திறந்து நோக்குபவனோ, தான் பணி செய்ததாகவே எண்ணுகின்றான். கண்ணும் விரலும் ஓயாது உழைத்திருக்கும். எழுதவேண்டிய கட்டுரை மட்டும் ஓர் அடியும் நகர்ந்திராது. வேடம் இன்னதென்று அறிந்தாலன்றி இந்நோய்க்கு மருந்து காணல் அரிது.

இவ்வேடம் எவ்வாறு அமைந்தது என்பதை அறியக் கடிதத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு ஒரு பென்னி விலையுள்ள அஞ்சல்தலை வந்தது. நம் நாட்டில் 1879-இல் காலணா அஞ்சலட்டை வந்தது. எளியாரும் எழுதலாயினர், கடிதங்கள் பெருகின. எனினும் அக்கடிதங்கட்கு இரண்டு இயல்புகள் இருந்தன. விடுப்பவர் காசு கொடுத்தார். ஆதலின் எண்ணிப் பார்த்து விடுத்தார். தபாற்காரர் குறித்த வேளையில் வந்தார். ஆதலின் ஏனை வேளையெல்லாம் பெறுபவர்க்கே உரியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரில் நாளொன்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை தபால் வழங்கப்பட்டது என்பர். அது நம் மின்னஞ்சலுக்குச் சிறிதே குறைந்த விரைவு. ஆயினும் ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடையே கதவு தட்டப்படாத ஓர் அமைதி இருந்தது.

அவ்வமைதியின் அருமையை நன்குணர்ந்தவர் அஞ்சல் துறையிலேயே அலுவல் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி திரோலப். இவர் 1834 முதல் 1867 வரை அத்துறையில் இருந்தவர். நாற்பத்தேழு நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையின் முன் அமர்ந்து, கைக்கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் மூன்று மணி நேரம் எழுதுதலை வழக்கமாகக் கொண்டிருந்தார். தம்மை எழுப்பிவிடும் பணியாள் ஒருவருக்கு அதற்கென்றே ஆண்டிற்கு ஐந்து பவுன் மிகுதியாகக் கொடுத்தார் என்பதையும் 1883-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். ஊரார் கடிதங்களையெல்லாம் விரைவிற் சேர்ப்பிக்கப் பாடுபட்ட ஒருவர், தம் எழுத்திற்குரிய நேரத்தை எந்தக் கடிதமும் எட்டாத வேளையில் வைத்துக்கொண்டமை கருதற்பாலது.

1971-இல் அமெரிக்க நாட்டு ரே டாம்லின்சன் என்பார், வலையால் இணைக்கப்பட்ட ஒரு கணினியினின்று மற்றொரு கணினிக்குக் கடிதம் விடுக்கும் முறையை அமைத்தார். பெயரையும் இடத்தையும் பிரிக்கும் ‘அட்’ என்னுங் குறியைத் தேர்ந்தவரும் அவரே. அன்று மேற்கூறிய இரண்டு இயல்புகளும் ஒருங்கே நீங்கின. விடுப்பவர்க்குச் செலவில்லை, வந்து சேர்தற்கு வேளையில்லை. செலவின்மையின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1978-இல் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், ஏறத்தாழ 400 பேருக்கு அவர் கேளாமலே ஒரே விளம்பரத்தை அவ்வலையின்வழி விடுத்தார். இன்று நம் பெட்டியில் நிறைந்து கிடக்கும் வேண்டாக் கடிதங்கட்கெல்லாம் அதுவே மூதாதை. இங்கே ஒன்றை நுணுகி நோக்குக. செலவு என்பது ஒழியவில்லை. விடுப்பவர் கையினின்று பெறுபவர் கைக்கு மாறியது. விடுப்பவர் காசு கொடுத்த இடத்தில் இன்று பெறுபவர் பொழுது கொடுக்கின்றார்.

டாம்லின்சன் மின்னஞ்சலை அமைத்த அதே 1971-இல், பின்னர் நோபெல் பரிசு பெற்ற எர்பர்ட் சைமன் என்னும் பேரறிஞர், செய்திகள் பெருகும் நாட்டில் வறுமையுறுவது மக்களின் கவனமே என்னுங் கருத்தை எழுதி வெளியிட்டார். சமூக வலைத்தளங்கள் அக்கவனத்தையே வாணிகப் பொருளாகக் கொண்டன. மின்னஞ்சல் நம் பொழுதைக் கவர்தல் அதன் குறைபாட்டினால். இவை கவர்தல் இவற்றின் நோக்கத்தினால். விலையின்றி நமக்கு இடந்தரும் நிறுவனத்தின் வருவாய் விளம்பரத்தினின்று வருவது. நாம் தங்குந்தோறும் அவ்வருவாய் வளர்வது. இவ்வுண்மையை அறிந்தபின், நம் மனவுறுதியைக் குறித்து நாமே நொந்துகொள்வது சிறிது குறையும்.

இவை நம்மைத் தங்கச்செய்யும் வழிகளுள் இரண்டை மட்டுங் கூறுவோம். ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்னும் உளநூலார் இருவர், புறாக்களைக்கொண்டு செய்த சோதனைகளை 1957-இல் நூலாக வெளியிட்டனர். கொத்துந்தோறும் தீனி கிடைத்த புறாவினும், எப்பொழுது கிடைக்கும் என்று அறியவொண்ணாதபடி இடையிடையே தீனி பெற்ற புறாவே விடாது கொத்தியது. நம் கைப்பேசியிலும் ஒவ்வொரு முறையும் நற்செய்தி இருந்தால் நாம் அமைதியுற்றிருப்போம். ஒருகால் இருந்து பலகால் இல்லாமையாலேதான் திரும்பத் திரும்பத் தொடுகின்றோம். 2009-இல் ஃபேஸ்புக்கில் வந்த ‘லைக்’ பொத்தான் இத்தீனியை நாள்முழுதுந் தூவுவதற்கு வழியாயிற்று. மற்றொன்று, முடிவில்லாது உருண்டோடும் பக்கம். ஏட்டிற்குக் கடைசிப் பக்கம் உண்டு, பத்திரிகைக்கும் உண்டு. அக்கடைசிப் பக்கமே ‘இனி எழுந்திரு’ என்று சொல்லும் மணியோசை. அதனை நீக்கிவிட்ட அமைப்பை 2006-இல் வகுத்த அசா ராஸ்கின் என்பார், பிற்காலத்தில் அதற்காகத் தாம் வருந்துவதை வெளிப்படையாகவே கூறியுள்ளார்.

இனி, இழப்பின் அளவு யாது? பலர் இதனை நிமிடக் கணக்கிற் காண்கின்றனர். ஒரு செய்தியைப் பார்க்க அரை நிமிடம். இருபது செய்திக்குப் பத்து நிமிடம். அதனாற் குடி முழுகாது என்பது அவர் கணக்கு. கணக்கு பிழையன்று, கணக்கிட்ட பொருள்தான் வேறு. ஒரு வேலையை முடியாதிருக்கும்போதே விட்டு வேறொன்றிற்குச் செல்பவர், முன்னையதன் எச்சத்தை மனத்திற் சுமந்தே செல்கின்றார் என்பதையும், அதனால் அடுத்த வேலை குறைவுபடுகின்றது என்பதையும் சோஃபி லெராய் என்னும் ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். இழந்தது அரை நிமிடமன்று. அதன் பின்வரும் நேரத்தின் கூர்மை.

தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இதனை விளக்க நச்சினார்க்கினியரைக் காட்டினாற் போதும். முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. ஆயினும் அவர் உரையோடு அதனைப் படிக்கப் புகுவார், பாட்டின் முற்பகுதியில் உள்ள ஒரு சொல்லைக் கைவிடாது ஏந்திக்கொண்டு, பல அடிகளைத் தாண்டிச் சென்று, பிற்பகுதியில் உள்ள வினையோடு அதனை மாட்டல் வேண்டும். மறைமலையடிகள் 1903-இல் தம் ஆராய்ச்சியுரையில் அம்முறையை மறுத்தெழுதியது வேறு செய்தி. மறுப்பதற்கும் முதலில் அதனைத் தொடர்ந்து செல்லவேண்டுமன்றோ. நாற்பதாம் அடியில் நிற்கும்போது கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தால், ஏந்திவந்த சொற்களெல்லாம் கீழே விழும். வந்த செய்தி ‘சரி’ என்னும் ஒரே சொல்லாயினும் ஆகுக. நாம் மீண்டும் முதலடிக்கே செல்லல் வேண்டும். கணிதம் பயில்வார்க்கும், ஆய்வுக்கூடத்திற் கணக்கெடுப்பார்க்கும் இஃது ஒக்கும்.

ஆகவே நாம் செய்யவேண்டுவது ஒன்றே. தபாற்காரர் கொண்டுபோய்விட்ட வேளையை நாமே திரும்ப ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். கனடா நாட்டில் குஷ்லெவ், டன் என்னும் இருவர் 124 பேரைக்கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குத் துணையாகும். அவர்கள் ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் நோக்கினர். மற்றொரு வாரம் விரும்பியபோதெல்லாம் நோக்கினர். மூன்று முறையோடு நின்ற வாரத்தில் அவர்தம் மனநெருக்கடி குறைந்திருந்தது. மாணவர்க்கு மூன்றும் மிகையோ என்பது எம் ஐயம். காலை வகுப்பிற்கு முன் ஒருமுறை, மாலை வகுப்பு முடிந்தபின் ஒருமுறை என இரண்டே போதும்; விண்ணப்ப நாள்கள் நெருங்கும்போது நண்பகலில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

வேளையை வகுப்பது எளிது. வேளையல்லாத வேளையில் தொடாதிருப்பதே அரிது. அதற்கு முதற்படி, அறிவிப்புகளை அடக்குதல். தொலைபேசி அழைப்பு ஒலிக்கட்டும். வீட்டாரின் செய்தி ஒலிக்கட்டும். ஏனைய செயலிகள் எல்லாம் வாய்மூடிக் கிடக்கட்டும். வாட்ஸாப் குழுக்களை என்றென்றைக்கும் ஒலியடக்கி வைக்கும் வசதி 2020 முதல் உண்டு. காப்பகத்தில் இட்ட குழு, புதுச்செய்தி வந்தாலும் மேலெழாது அங்கேயே கிடக்கும் வசதி 2021-இல் வந்தது. உறவினர் குழுக்களையும், நாள்தோறும் மலர்ப்படத்தோடு காலை வணக்கம் கூறும் அன்பர் குழுக்களையும் அங்கு வைப்பதால் எவர்க்கும் மனவருத்தமில்லை. நாம் அங்கு வைத்தது அவர்க்குத் தெரியாது.

அஞ்சற்பெட்டியைத் துப்புரவாக்குதல் அடுத்தது. இதன்கண் விளையாட்டில்லை என்பதற்கு யாம் அறிந்த ஒன்றைக் கூறுவோம். எம் விடுதி நண்பர் ஒருவர்க்கு உதவித்தொகை நேர்காணலுக்கு அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. அவர் பெட்டியில் அப்பொழுது திறக்கப்படாத கடிதங்கள் ஆயிரத்திற்கு மேல். துணிக்கடை விளம்பரத்திற்கும், என்றோ ஒருநாள் பதிந்துவைத்த வேலைவாய்ப்புத் தளத்தின் அறிவிப்பிற்கும் இடையே அவ்வழைப்பு ஒன்பது நாள் கிடந்தது. அவர் கண்டபோது நேர்காணல் நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் அப்பருவத்துக் கட்டணத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்கினார்.

வேண்டாக் கடிதங்களை அழித்துக்கொண்டே இருப்பதிற் பயனில்லை. அவை வருமிடத்தை அடைத்தல் வேண்டும். பெருந்தொகையாகக் கடிதம் விடுப்போர், ஒருமுறை தொட்டாலே சந்தா நீங்கும் வழியை வைத்தல் வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024-இல் விதி செய்தன. ஒருநாள் மாலை அரைமணி நேரம் இதற்கென்று உட்கார்ந்தால், வரவிற் பெரும்பகுதி அன்றோடு நிற்கும். கல்லூரியின் முகவரியிலிருந்தும் உதவித்தொகை தருவோரிடமிருந்தும் வருங் கடிதங்களைத் தனியே பிரித்து முன்னிறுத்துமாறு வடிகட்டி ஒன்றையும் அப்பொழுதே அமைத்துவிடலாம்.

பிறகு எஞ்சியவற்றைக் கையாளும் முறை. திறந்த கடிதத்தை மூடி வைத்துப் பின்னும் திறத்தல் பெரும் பொழுதிழப்பு. டேவிட் ஆலன் என்பார் 2001-இல் எழுதிய நூலொன்றில், இரண்டு நிமிடத்திற்குள் முடியக்கூடியதை அப்பொழுதே முடித்துவிடுக என்றார். நல்ல விதியே. இரண்டு நிமிடத்தில் முடியாததை என்று செய்வது என நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, கடிதத்தைக் காப்பகத்தில் இட்டுவிடல் வேண்டும். அஞ்சற்பெட்டி வந்து சேருமிடமேயன்றி, செய்யவேண்டுவனவற்றின் பட்டியலாகாது. அதனைப் பட்டியலாகக் கொள்வோர், தம் நாளின் ஒழுங்கைப் பிறர் எழுதுமாறு விட்டவராவர்.

எழுதும் முறையும் பொழுதைக் காக்கும் என்பதைப் பலர் கருதுவதில்லை. நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் முதலில் நிற்பது குன்றக் கூறல். மாணவர் மின்னஞ்சலில் மலிந்திருப்பதும் அதுவே. ‘ஐயா, ஓர் ஐயம்’ என்று மட்டும் தலைப்பிட்டு, பெயரும் வகுப்பும் இன்றி எழுதுங் கடிதம், நீவிர் யார், ஐயம் யாது, எப்பொழுதிற்குள் விடை வேண்டும் என மூன்று கடிதங்களை ஈன்றபின்னரே முடிவுறும். ‘இரண்டாமாண்டுத் தமிழ்: ஆய்வுக்கட்டுரைத் தலைப்பை மாற்ற அனுமதி, வெள்ளிக்குள்’ என்று தலைப்பிட்டால், பேராசிரியர் ஒரு வரியில் விடை கூறிவிடுவர். ஒரு கடிதத்தில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும். இரண்டு கேட்டால் ஒன்றிற்கே விடை வரும் என்பது யாவரும் அறிந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு எழுதி முடித்தாலும், காலை ஒன்பது மணிக்குச் சேருமாறு குறித்துவைக்கும் வசதி ஜிமெயிலில் 2019 முதல் உண்டு. நம் பொழுதைக் காக்க விரும்பும் நாம் ஆசிரியர் உறக்கத்தையும் காக்கலாமன்றோ.

சமூக வலைத்தளங்கட்கு வேளை வகுத்தல் மட்டும் போதாது. அங்கு வேளைக்கு முடிவில்லை. அவற்றுட் புகுமுன்னரே எதைக் காணப் புகுகின்றோம் என்று சொல்லிக்கொண்டு, தேடும் பெட்டியில் அதனை எழுதிக் கண்டு வெளிவருதல் நன்று. தானே வந்து விழுவதைக் காண்பது வேறு, தேடிக் காண்பது வேறு. யூடியூபில், பார்த்தவற்றின் பதிவை நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாகத் தோன்றும் அமைப்பு 2023-இல் வந்தது. யாம் கண்டவற்றுள் மிகுந்த பயன் தருவது இதுவே. கைப்பேசியினின்று இன்ஸ்டாகிராமை நீக்கிவிட்டு, நூலகக் கணினியில் மட்டும் காண்போரும் எம்மிடையே உளர். மூன்றாம் நாளே அவர்க்கு அதன் நினைவு குறைகின்றது என்கின்றனர். நாளொன்றுக்கு எத்துணை நேரம் செலவாயிற்று என்று காட்டும் கருவிகளை ஆப்பிளும் கூகுளும் 2018-இல் தந்தன. ஒரு வாரக் கணக்கை அறிதற்கு அவை நல்லன. அவற்றுள் உள்ள தடையின்மேல் எமக்கு மதிப்பில்லை; நேரம் முடிந்தது என்று கூறிவிட்டு, இன்னுஞ் சிறிது வேண்டுமா என்று அதுவே கேட்கின்றது.

அலுவலகங்களில் இருக்கும் பழைய மாணவர்கட்கு இவையெல்லாம் இளையோர் பேச்சாகத் தோன்றலாம்; மேலதிகாரி இரவில் விடுக்குஞ் செய்திக்கு விடை கூறாதிருத்தல் அவர்க்கு இயலாது. உண்மையே. பிரான்சு நாட்டில், பணிநேரங் கடந்தபின் இணைப்பினின்று விலகியிருக்கும் உரிமையைக் குறித்து 2017 சனவரி முதல் சட்டமே நடைமுறையில் உளது. ஒருவர் தனித்து வேலி கட்டல் அரிது, பலர் கூடிக் கட்டல் எளிது என்பதை அந்நாட்டார் உணர்ந்தனர் போலும்.

எம் வகுப்பில் அத்தகைய சிறு உடன்பாடு ஒன்று செய்துகொண்டோம். வகுப்பின் வாட்ஸாப் குழுவில் மாணவத் தலைவர் மட்டுமே எழுதலாம். அவரும் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு, அன்றைய செய்திகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து ஒருமுறையே எழுதுவார். அவசரமாயின் செய்தி இல்லை, தொலைபேசி அழைப்பே. அரட்டைக்கு வேறொரு குழு உண்டு. அதனை எப்பொழுது திறப்பது என்பது அவரவர் விருப்பம். இவ்வுடன்பாடு ஏற்பட்டு இரண்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை அவசர அழைப்புகள் நான்கு வந்துள்ளன; அவற்றுள் ஒன்று, பேருந்து நிலையத்தில் குடையை மறந்துவைத்தவர் செய்தது.